இருமுறை கேட்ட கேள்வி

இருபது ஆண்டுகளுக்கு முன், நாம் ஓதிக்கொடுத்த மக்தபில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஜீம் என்னும் எழுத்தைச் சுட்டி, "இது என்ன?" என்போம். "ஜீம்" என்பான். உறுதியாக அறிந்திருக்கிறானா என்று பார்க்க, "நன்றாகப் பார்த்துச் சொல், என்ன?" என்று மறுபடியும் கேட்போம். நம் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "ஹா" என்பான். பல நாள் இவ்வாறே நிகழவே, அவனை மந்தபுத்தியினன் என்று முடிவுகட்டினோம். அவனுடைய தந்தையாரிடமும் அதையே சொன்னோம். சில நாளில் அவன் ஓத வருவது நின்றது.

நம் முடிவு எத்துணைப் பிழையானது என்பதைக் குழந்தை வளர்ச்சி பற்றிய ஆய்வுகளைப் பின்னாளில் படித்தபோதே உணர்ந்தோம்.

சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே (1896–1980), குழந்தைகள் கூறும் பிழையான விடைகளையே ஆராய்ச்சிக்குரிய செல்வமாகக் கொண்டவர். தம் மக்கள் மூவரையும் உடனிருந்து நோக்கிக் குறிப்பெடுத்தவர். அவர் வகுத்த சோதனைகளுள் ஒன்று இது: இரு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து, "இரண்டும் சமமா?" என்று கேட்பர். குழந்தை "ஆம்" என்னும். பிறகு அதன் கண்ணெதிரே ஒரு வரிசையை அகலப் பரப்பி, அதே கேள்வியை மீண்டும் கேட்பர். சிறு குழந்தைகளுள் பெரும்பாலோர், நீண்ட வரிசையிலேதான் அதிகம் என்பர். எண்ணிக்கை மாறாது என்பது அவ்வயதில் விளங்குவதில்லை என்று பியாஜே முடிபு கூறினார்.

எடின்பரோப் பல்கலைக்கழகத்து மார்கரெட் டொனால்ட்சன் அம்மையார், ஜேம்ஸ் மக்காரிகிள் என்பாருடன் இணைந்து 1974இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கும் முறையையே ஐயுற்றார். ஆய்வாளர் வரிசையைக் கலைப்பதற்குப் பதிலாக, குறும்புக்காரக் கரடிப் பொம்மையொன்று பாய்ந்து வந்து கலைப்பதுபோல் அமைத்தனர். நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள 80 குழந்தைகளுள், ஆய்வாளரே கலைத்தபோது சரியாக விடையிறுத்தோர் 13 பேர். கரடி கலைத்தபோது 50 பேர்! கரடியின் ஆரவாரத்தில் குழந்தையின் கவனம் சிதறியிருக்கலாம் என மறுத்துரைத்தோரும் உளர். எனினும், 1984இல் சாமுவேல், பிரையண்ட் ஆகியோர் முதற்கேள்வியை விடுத்து, இறுதியில் ஒரு தடவை மட்டும் கேட்டபோதும் சரியான விடைகள் மிகுந்தன.

காரணம் விளங்குகிறதல்லவா? பெரியவர் ஒருவர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலிற் சொன்னது தவறு போலும் என்று குழந்தை எண்ணிவிடுகிறது. நம்மிடம் கொண்ட மரியாதையால் விடையை மாற்றுகிறது. அதனைத்தான் நாம் அறியாமை என்று எழுதி வைத்தோம்.

அச்சிறுவன் இன்று கடைத்தெருவில் வணிகம் செய்கிறான். இலட்சக்கணக்கில் கணக்குப் பார்க்கிறான். நம்மைக் கண்டால் முந்திக்கொண்டு ஸலாம் சொல்கிறான். நாம் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதற்கோ, அவன் தந்தையார் உயிரோடில்லை.

இப்போதெல்லாம் பிள்ளைகளிடம் மறுமுறை கேட்க நேர்ந்தால், "நீ சொன்னது சரிதான், அதை எப்படிக் கண்டுகொண்டாய்?" என்றே கேட்கிறோம். பெற்றோரே, நீங்களும் உங்கள் இல்லத்தில் அவ்வாறு கேட்டுப் பாருங்கள்.