அல்வடையும் அசல் தமிழும்

நாவலப்பிட்டியில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் மாணவர்க்கு விளையாட்டு மைதானம் இல்லை, இடைவேளையும் வகுப்பறைக்குள்ளேதான். அத்தகைய ஒரு நாளில் பத்தாந் தரத்து மாணவர் புதிய விளையாட்டொன்றில் ஈடுபட்டிருந்தனர். அன்றாடப் பேச்சை 'அரபு' ஆக்குவதே அது. வடை 'அல்வடை' ஆயிற்று. பருப்பு 'அல்பருப்புன்' ஆயிற்று. "மழை பெய்யுது, குடை இல்லை" என்பதை, "அல்மழை பெய்யுன், அல்குடை இல்லுன்" என்று ஒருவன் ஓதுவதுபோல் இழுத்துச் சொன்னான். வாசலில் நின்ற நானும் சிரித்துவிட்டேன். அவ்விளையாட்டைத் தொடங்கி வைத்தவனே கடைவீதியிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் மாணவன்தான்.

அடுத்த வாரம் நிலைமை மாறிவிட்டது. அவன் உள்ளே நுழையும்போதெல்லாம் நாலா பக்கமும் 'அல்' முழங்கிற்று. அவன் தந்தையை 'வாப்பா' என்பதும் தாயை 'உம்மா' என்பதும் நகைப்புக்கு இடமாயின. "உன்ட பாஷையில சொல்லுடா" என்றான் ஒருவன்.

"என்ட பாஷையும் தமிழ்தானே" என்றான் அவன். ஒருவரும் அதைச் செவிமடுக்கவில்லை.

அப்படிக் கேட்டவன் தோட்டத்து லயத்திலிருந்து வருபவன். அதுவே என்னை வருத்தியது. நானும் லயத்திற் பிறந்தவன். பல்கலைக்கழகத்திலே தமிழ் படிக்கப் போன முதலாண்டில் என் பேச்சைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தவர்களை இன்னும் மறக்கவில்லை. மேலும், 2018 மார்ச்சில் திகனையில் கடைகள் எரிந்ததும் இந்தக் கண்டி மாவட்டத்திலேதான். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னர் அரபு எழுத்தே சந்தேகப் பொருளாயிற்று. அப்போது இம்மாணவர் சிறு குழந்தைகள். ஆயினும் பெரியவர்களின் பேச்சு அவர்கள் காதில் விழாமல் இருந்திருக்குமா?

அன்று இலக்கணப் பாடத்தை ஒத்திவைத்தேன். அசல், நகல், பாக்கி, வசூல், பதில், ரத்து, அமுல், கைதி, வாரிசு, தகராறு என்று கரும்பலகையில் எழுதி, "இவை எம்மொழிச் சொற்கள்?" என்று வினவினேன். "தமிழ்" என்று வகுப்பே விடையளித்தது. அத்தனைக்கும் வேர் அரபு என்றபோது யாரும் நம்பவில்லை. அரபிலே பகர ஒலி இல்லை; ஆகவே 'அல்பருப்புன்' ஒருநாளும் அரபாகாது என்றதும் பெருஞ் சிரிப்பு எழுந்தது. இல்லாத ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துகள் சமைத்து, அரபு எழுத்திலேயே தமிழை எழுதினர் நம் முஸ்லிம் முன்னோர். அரபுத் தமிழ் என்பது அதுதான். 1838இல் கண்டியிற் பிறந்த சித்தி லெப்பை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். ஈழத்துத் தமிழ் நாவல் வரலாறு அந்நூலோடுதான் தொடங்குகிறது.

"அப்படியென்றால் அசல் தமிழ் எது, சேர்?" என்று அந்தத் தோட்டத்து மாணவன் எழுந்து கேட்டான்.

"நீ கேட்ட 'அசல்' எந்த மொழி?" என்றான் கடைவீதிப் பையன். வகுப்பு மீண்டும் சிரித்தது. இம்முறை கேட்டவனும் சேர்ந்து சிரித்தான்.

ஒரு பாடவேளையால் ஊர்ப் பகை தீராது என்பதை அறிவேன். வசூலும் பாக்கியும் தோட்டத்துக் குடும்பத்தையும் கடைவீதிக் குடும்பத்தையும் ஒன்றாகவே வாட்டுகின்றன. அவ்விரு வீட்டுப் பிள்ளைகளும் ஒருவர் பேச்சை மற்றவர் இழிவுசெய்து பிரிந்து நிற்பார்களாயின், அதனால் ஆதாயம் பெறுவோர் வேறெவரோ. மாணவர் விளையாடட்டும், அல்வடையை எல்லோரும் பங்கிட்டு உண்ணட்டும். அது ஒருவன் மீது மட்டும் வீசப்படும்போது ஆசிரியன் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருத்தல் ஆகாது.