வாயில்லா உயிரின் வாய்நோய்

பேசத் தெரியாத விலங்குகளை ‘வாயில்லாச் சீவன்’ என்று சொல்வது நம் வழக்கு. இரக்கம் கனிந்த சொல் அது. எனினும், நாயைப் பொறுத்தமட்டில் அச்சொல் பாதி உண்மையே ஆகும். நாம் கையால் செய்யும் தொழில்களில் பெரும்பாலானவற்றை நாய் வாயால் செய்கிறது. எடுப்பதும் வாயால், ஏந்துவதும் வாயால், குட்டியைக் கவ்வி இடம் மாற்றுவதும், உண்ணியைக் கடித்துக் களைவதும், மூச்சிரைத்து உடற்சூட்டைத் தணிப்பதும் வாயால். 42 பற்களைத் தாங்கும் அதன் தாடை, கதவின் கீலைப் போல மேலும் கீழும் அசைவது. மாட்டின் தாடையைப் போலப் பக்கவாட்டில் அரைப்பதற்கு அமைந்ததன்று. அந்தக் கீல் இறுகினாலும் தளர்ந்தாலும் அவ்வுயிர் கையையும் வாயையும் ஒருங்கே இழந்ததாகும்.

அப்படி ஒரு நாய் நம் வாசலில் வந்து நின்றால் நாம் என்ன செய்வோம்? இரண்டில் ஒன்றைச் செய்வோம். அஞ்சிக் கல்லை எடுப்போம். அல்லது இரங்கிக் கையை நீட்டுவோம். இரண்டும் தீங்காய் முடியக் கூடும் என்பதை மட்டாஞ்சேரியில் நாங்கள் கண்கூடாகக் கண்டோம்.

மட்டாஞ்சேரியை அறிந்தவர்களுக்கு அதன் தெருக்களைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. மிளகும் சுக்கும் மணக்கும் கடைத்தெரு ஒருபுறம். காயலிலிருந்து எழும் மீன்வாடை மறுபுறம். மலையாளம், கொங்கணி, குசராத்தி, தமிழ் என நான்கு மொழியும் ஒரே சந்தில் ஒலிக்கும். அத்தெருவின் நாய்களுக்கு மொழி வேற்றுமை கிடையாது. எல்லா வீட்டு மீன்தலையும் அவற்றுக்கு உரியது. ஆதலால் ஒரு நாய் வாயைத் திறந்தபடி திரிந்தால் எங்கள் பகுதியில் எவருக்கும் முதலில் தோன்றுவது, ‘முள் சிக்கிக்கொண்டது’ என்பதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் எங்கள் சந்தின் கறுப்பு நாய் ஒன்று அரிசிக் கிடங்கின் படியில் அசையாது அமர்ந்திருந்தது. கீழ்த்தாடை தொங்கிற்று. எச்சில் நூலாக வழிந்தது. அது குரைக்கவில்லை, எவரையும் துரத்தவில்லை, அழைத்தால் வாலை மட்டும் மெல்ல அசைத்தது. பிள்ளைகள் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தனர். நாய் முகத்தைத் தண்ணீருக்குள் தாழ்த்தியது. ஆனால் நக்கிக் குடிக்க இயலவில்லை. அதைக் கண்ட ஒருவர், “தண்ணிக்குப் பயப்படல, பாத்தீங்களா? இது வெறிநாய் இல்லை” என்று தீர்ப்பு வழங்கினார். துணி வெளுக்கும் தமிழ்ப் பெண்மணி ஒருவர், “பாவம், தொண்டையில முள்ளு மாட்டியிருக்கு, கைய விட்டு எடுத்துட்டா சரியாப் போயிடும்” என்று சொல்லித் தம் முந்தானையால் அதன் மோவாயைத் துடைத்தார். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சட்டைக் கையை மடித்துவிட்டு நாயின் தாடையைப் பிடித்து உள்ளே நோக்கினான்.

அப்போது எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து, “தொடண்டா மோனே!” என்று ஒரு குரல் எழுந்தது. கால்நடைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற மலையாளப் பெரியவர் அவர். மற்றொரு பக்கம் கழியுடன் வந்து நின்ற இருவரையும் அவரே தடுத்தார். ஒருவரும் தொடவும் வேண்டா, அடிக்கவும் வேண்டா என்று சொல்லி, நாய் இருந்த கிடங்கு முற்றத்தின் கதவைச் சாத்தச் செய்தார். பிறகு மிருகாசுபத்திரிக்குச் செய்தி அனுப்பினார். சிறுவனையும் அப்பெண்மணியையும் குழாயடிக்கு அழைத்துச் சென்று, சோப்பிட்டுக் கால் மணி நேரம் கையைக் கழுவச் செய்த பின்னரே வீட்டுக்குள் விட்டார். சிறுவனின் விரலில் பம்பரக் கயிறு அறுத்த கீறல் இருந்ததை அப்போதுதான் அவன் தாய் கவனித்தார்.

நாய் மூன்றாம் நாள் இறந்தது. ஆய்வுக்கூடத்தின் முடிவு வெறிநோய் என வந்தது. முடிவுக்குக் காத்திராமல் அன்றே ஊசி போடத் தொடங்கியிருந்ததால் இருவரும் இன்றளவும் நலமாக உள்ளனர்.

இந்நிகழ்ச்சியைப் பன்முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். எங்கள் சந்தினர் அறிவிலிகள் அல்லர், இரக்கமற்றவர்களும் அல்லர். அவர்களை ஏமாற்றியது ஒரு சொல். தமிழில் ‘வெறிநாய்’ என்கிறோம். மலையாளத்தில் ‘பேப்பட்டி’ என்கிறார்கள். வெறி என்றதும் பாய்ச்சலும் சிவந்த கண்ணும் கடியுமே நம் மனக்கண்முன் நிற்கின்றன. ஆனால் இந்நோய்க்கு இரண்டு தோற்றங்கள் உண்டு. ஒன்று, கண்டதைக் கடிக்கும் மூர்க்க நிலை. மற்றொன்று, ஓசையற்ற வாத நிலை. இதில் நாய் ஒதுங்கும், தாடை தொங்கும், விழுங்க இயலாது, குரல் மாறும் அல்லது அடங்கும். நோய்க் கிருமி காயத்திலிருந்து நரம்பின் வழியே ஊர்ந்து மூளையை அடைகிறது. அங்கிருந்து எச்சிற் சுரப்பிகளுக்கு இறங்குகிறது. தாடையை மூடும் தசைகளை இயக்குவது ஐந்தாம் மூளை நரம்பு. அதன் இயக்கம் நின்றால் தாடை தன் எடையாலேயே கீழே விழும். நச்சு கலந்த எச்சிலை விழுங்கவும் வலியற்று, அந்த வாய் திறந்தே கிடக்கும். முள் சிக்கிய தோற்றம் என்று நாம் காண்பது இதைத்தான்.

தண்ணீர்ச் சோதனையும் நம்பத் தக்கதன்று. நீரைக் கண்டு நடுங்குதல் இந்நோயுற்ற மனிதரிடம் காணும் குறி. நாய் நீரருகே செல்லும், வாயையும் வைக்கும். ஆகவே, தண்ணீருக்கு அஞ்சவில்லை என்பதைக் கொண்டு நோயில்லை என்று முடிவு செய்தல் கூடாது.

இவ்வளவும் படித்த பின், தாடை தொங்கும் நாயெல்லாம் வெறிநாய் என்று எவரும் கருதிவிட வேண்டா. அவ்வாறு கருதினால் பிழைக்கக் கூடிய உயிர்களும் கழிக்கு இரையாகும். அதே ஐந்தாம் நரம்பு, காரணம் புலப்படாத அழற்சியாலும் செயலிழப்பதுண்டு. அப்போதும் வாயை மூட முடியாது, எச்சில் வழியும். ஆனால் நாய் தெளிவாக இருக்கும். உணவை நாவின் பின்புறம் சேர்த்துவிட்டால் விழுங்கவும் செய்யும். நீரும் உணவும் தக்கவாறு ஊட்டிப் பேணினால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தாடை தானே மீளும். இதற்கும் வெறிநோய்க்கும் உள்ள வேறுபாட்டைத் தெருவில் நின்று நாம் அறிய முடியாது. மருத்துவரும் தடுப்பூசிக் குறிப்பைக் கேட்டு, தனியே அடைத்து வைத்து, நாட்களை எண்ணியே தெளிகிறார். வெறிநோயின் குறி தோன்றிய நாய் பொதுவாகப் பத்து நாட்களுக்குள் இறந்துவிடும் என்பதே அந்தக் கணக்கின் அடிப்படை.

வாயை மூட முடியாமை ஒருவகை எனில், திறக்க முடியாமை மற்றொரு வகை. எங்களுக்கு அறிமுகமான குடும்பம் ஒன்றில் அல்சேஷன் நாய் சோற்றுத் தட்டின் முன் நின்று முனகிற்று. பல்வலி என்று எண்ணிய வீட்டார் கரண்டியால் வாயைத் திறக்க முயன்றனர். அது வலியால் அலறவே மருத்துவரிடம் கொண்டு சென்றனர். மெல்லும் தசைகளை உடலின் காவற்படையே பகையெனக் கருதித் தாக்கும் நோய் அது. முதலில் நெற்றிப் பொட்டும் கன்னமும் வீங்கும். நாள் கடந்தால் தசை வற்றித் தலை எலும்பு புடைத்துத் தெரியும். முடிவில் மயக்க மருந்து கொடுத்தாலும் வாய் திறவாது. குருதிச் சோதனையால் இதை உறுதி செய்யலாம். வீக்கமுள்ள காலத்திலேயே ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் தாடை மீள வழியுண்டு. வன்மையாகத் திறக்க முயன்றால் தாடை முறியவும் கூடும். அந்த நாய் உரிய காலத்தில் சென்றதால் இன்று தானே உண்கிறது.

இவையன்றி வேறு காரணங்களும் உள. கண்ணுக்குப் பின்னே சீழ் கட்டினால் வாயைத் திறக்கும்போதெல்லாம் வலிக்கும். புண்ணின் வழியே புகும் இசிவு நோயில் தாடை பூட்டிக்கொள்ளும், காதுகள் விறைத்து நிற்கும், நெற்றி சுருங்கும். வண்டி மோதினாலோ மாடியிலிருந்து விழுந்தாலோ மூட்டு நழுவித் தாடை ஒருபுறம் கோணும். டிஸ்டெம்பர் எனும் நச்சுக் காய்ச்சல் கண்ட நாய், வாயில் ஒன்றுமில்லாமலே எதையோ மெல்வதுபோல் தாடையை ஆட்டி வலிப்புக் கொள்ளும். எலும்புத் துண்டு மேலண்ணத்தின் குறுக்கே பற்களுக்கிடையில் சிக்குவதும் உண்மையே. அப்போது நாய் முன்காலால் முகத்தை விடாமல் பிறாண்டும். ஆயினும் அதை எடுப்பதும் மருத்துவரின் வேலையே.

ஆகவே மருத்துவரை நாடும் காலத்தை நாம் இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம். வாயை மூட இயலாமை, திறக்க இயலாமை, தாடை கோணுதல், குருதி கலந்த எச்சில், விழுங்க இயலாமை, வெறுவாய் மெல்லும் வலிப்பு, உடல் விறைத்தல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே செல்லுதல் வேண்டும். ஒரு பக்கமாகவே மெல்லுதல், வாயிலிருந்து உணவு சிந்துதல், வாய் நாற்றம், கண்ணின் கீழ்ச் சிறு வீக்கம் ஆகியவை பல்நோயின் குறிகளாக இருக்கலாம். அவற்றுக்கும் ஓரிரு நாட்களுக்கு மேல் காத்திருத்தல் தகாது. புறப்படுமுன் மருத்துவமனைக்குச் செய்தி சொல்லி, தாடையின் நிலையையும் தடுப்பூசி போட்ட நாளையும் தெரிவித்தல் நலம். மார்போடு அணைத்துத் தூக்கிச் செல்லாமல் கூண்டிலோ மூடிய பெட்டியிலோ கொண்டு செல்லுதல் வேண்டும். விழுங்க இயலாத வாயில் பாலோ கஞ்சியோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். நமக்கு வாங்கி வைத்த வலி மாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம்.

கையில் எச்சில் பட்டுவிட்டால் என் செய்வது? ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நம் குடும்பங்களில் பெரியவர்கள் பலர் இன்றும் நாய்க்கடியை மறைப்பதற்குக் காரணம், கொப்பூழைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசிகளின் நினைவு. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அம்மருந்தின் உற்பத்தி நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் கையின் தோலில் சிறு ஊசியாகப் போடுகிறார்கள். குருதி கசிந்த காயமாயினும், புண்ணில் எச்சில் பட்டதாயினும் காயத்தைச் சுற்றி எதிர்ப்பு மருந்தும் சேரும். 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பாரிசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாகத் தடுப்பூசி போட்டார். 1907-ஆம் ஆண்டில் நம் குன்னூரிலேயே அவர் பெயரால் ஒரு நிறுவனம் தோன்றியது. கடிபட்டவர் மலையேறிச் செல்ல வேண்டியிருந்த காலமும் உண்டு. இன்று ஊசி நம் ஊருக்கே வந்துவிட்டது. அச்சமே நம்மைத் தடுத்து நிற்கிறது.

குறி தோன்றிய பின் மனிதருக்கும் இந்நோயிலிருந்து மீட்சி இல்லை என்றே சொல்லலாம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இதனால் இறப்பதாக உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது, அவர்களுள் பெரும் பகுதியினர் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஏழைகள், பலர் சிறுவர். 2022-ஆம் ஆண்டில் கேரளத்தில் நேர்ந்த இறப்புகள் நாட்டையே கலக்கின. அவ்வாண்டு செப்டம்பரில் தெருநாய்களுக்குத் தடுப்பூசி போடும் பேரியக்கத்தை மாநில அரசு தொடங்கியது.

அரசின் பணி அரசுக்கு உரியது. நம் வாசலில் செய்ய வேண்டியது நம்முடையது. சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு இங்கே அவசரத்துக்கு ஓடிவரச் சுற்றமில்லை, அயலாரே சுற்றம். எங்கள் சிறுவனைக் காத்த குரல் மலையாளக் குரல். மிருகாசுபத்திரி எத்திசையில் உள்ளது, எப்போது திறந்திருக்கும் என்பதைக் குடியேறிய முதல் மாதத்திலேயே அறிந்துகொள்ளுதல், ரேஷன் கடையை அறிந்துகொள்வதைப் போன்றே தேவையான செயல். நாய்க்குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசியும், பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளில் ஆண்டுதோறும் ஊசியும் போட்டு, அந்த நாளைப் பிள்ளைகளின் பிறந்தநாளுடன் சுவர் நாட்காட்டியில் குறித்து வைப்போம். வாய் மூடாத நாயைக் கண்டால் கையை உள்ளே விடாமல் ஓடி வந்து பெரியவர்களிடம் சொல்லும்படி பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். இரக்கத்தை விட்டுவிடச் சொல்ல வேண்டியதில்லை. அதைக் கையால் அல்லாமல் காலால் காட்டச் சொன்னால் போதும். மருத்துவரை அழைத்து வர ஓடும் கால்கள் அவை.