பழந்துணி தேடி

திருக்கோவிலூரில் எம் வீட்டுப் பின்கட்டில் தேக்குப் பெட்டகம் ஒன்று நெடுங்காலம் கிடந்தது. 2004இல், நாம் எம்.ஃபில். ஆய்வேட்டில் மூழ்கியிருந்த வேளை, ஊர்தோறும் பழம்பொருள் தேடியெடுத்து விற்கும் வியாபாரி ஒருவர் வந்து அதனைத் திறந்து பார்த்தார். 800 ரூபாய்க்கு விலை முடித்தார். “கீறல் விழாம சுத்திக்கப் பழந்துணி ஏதும் இருக்கா, தம்பி?” என்றார். பெட்டகத்துள் மடித்திருந்த சிவப்புப் பூத்துணியை நாமே எடுத்து நீட்டினோம்.

பாட்டனார் பினாங்கிலிருந்து கொணர்ந்த துணி அது. எம் குடும்பத்துப் பிள்ளைகளை நாற்பதாம் நாளில் அதன்மேல் கிடத்துவது வழக்கம். உறவினர் வீட்டிலிருந்து திரும்பிய அன்னையார் பெட்டகத்தைப் பற்றி ஒன்றும் கேளாமல், “அந்தத் துணி எங்கேப்பா?” என்று மட்டுமே கேட்டார்.

அன்று தொடங்கிய தேடல் எம்மைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குக் கொண்டு சேர்த்தது. பாகம் பிரிந்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும், எனாமல் தூக்குகளும், பீங்கான் சாடிகளும், இரவிவர்மா அச்சுப் படங்களும் அங்கே கூரை முட்டக் குவிந்திருந்தன. பித்தளை அண்டாக்களில் சீர் பெற்றோரின் பெயரெழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. விற்றவர் பெயரைக் கடைக்காரர் எவரும் வாய்திறந்து சொல்வதில்லை.

துணி பார்க்க எமக்குக் கற்பித்தவரும் அத்தெருக் கடைக்காரர் ஒருவரே. “முன்பக்கம் எல்லாரையும் ஏமாத்தும் சார், திருப்பிப் பாருங்க” என்றார். கடுக்காய் தோய்த்து, சாயவேரும் அவுரியும் கொண்டு எழுதிய துணியில் நிறம் மறுபுறமும் ஊறி நிற்கும். ஆலை அச்சிலோ பெரும்பாலும் பின்புறம் வெளிறிக் கிடக்கும். பல்கலைக்கழகம் எமக்கு இதனைச் சொல்லித் தந்ததில்லை.

சோழமண்டலக் கரையின் இத்தகைய துணிகளே ஒரு காலத்தில் கீழைத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாயின. அவ்வணிகத்தில் நம் மரைக்காயர்களுக்கும் பங்குண்டு. இங்கே உடுத்திக் கிழிந்தவை, சுலவேசித் தீவின் தொராஜா மலைமக்களிடம் குலச்சொத்தாய்ப் பிழைத்திருந்து, பின்னர் உலக அருங்காட்சியகங்களை அடைந்தன. நூறாண்டு கடந்த துணியாயின், 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி உரிமமின்றி அதனை வணிகம் செய்யலாகாது. தனியார் அயல்நாட்டுக்கு அனுப்பவும் ஆகாது. எம் துணியின் வயதைக் கேட்டு வைத்தவர் எவருமிலர். ‘பழசு’ என்பதே எம் வீட்டுக் கணக்கு.

2011இல் எம் மகளின் நாற்பதாம் நாளுக்குப் புதுத்துணி வாங்கினோம். அன்னையார் அதனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசாது விரித்தார்.

இன்றும் எந்தப் பழம்பொருள் கடையில் சிவப்பு மடிப்பைக் கண்டாலும் விரிக்கச் சொல்லுகிறோம். எம் துணியின் ஒரு மூலையில் பாட்டியார் வெள்ளை நூலால் தைத்த ஒட்டு ஒன்று இருந்தது.