சட்டை இல்லாத சிலிண்டர்

போன மாதம் வாழவந்தி நாட்டுக்குப் போயிருந்தேன். 70 கொண்டை ஊசி வளைவுகளில் என் இடுப்பு போய்விட்டது. தம்பி மகன் அங்கே ஒரு மிளகுத் தோட்டத்தில் மேற்பார்வை பார்க்கிறான். சில்வர் ஓக் கிளைகளைக் கழிக்கும் டூ ஸ்ட்ரோக் ரம்பத்தைப் பிரித்துப் போட்டிருந்தான்.

"இழுவை பத்தலை பெரியப்பா. புகை போற துவாரத்தை அகலமாக்கப் போறேன்" என்று அரத்தை எடுத்தான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

சிலிண்டருக்குள் இருக்கும் இரும்பு உறையைப் பிரெஞ்சில் 'ஷெமீஸ்' என்பார்கள். சட்டை என்று பொருள். தேய்ந்தால் ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போடலாம். இந்த அலுமினிய சிலிண்டருக்குச் சட்டையே கிடையாது. நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த முலாம்தான். 0.1 மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. பெயர்ந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

1989-இல் பிரான்சிலிருந்து வந்த பழைய மொபெட் ஒன்றில் நானே அப்படிக் கெடுத்தேன். துவாரத்திலிருந்து உள்நோக்கி அரத்தைத் தள்ளினேன். முலாம் செதில் செதிலாக எழும்பியது. பாதிச் சம்பளம் போனது. (வீட்டில் சொன்ன தொகை வேறு.)

அதனால் அவனுக்கு வைரத்தூள் பதித்த பிட்டை வாங்கிவரச் சொன்னேன். சிலிண்டரின் உட்புறத்திலிருந்து துவாரத்துக்குள் இறங்கும்படி மட்டுமே வெட்ட வேண்டும். அப்போது முலாம் அலுமினியத்தோடு அழுந்தும். எதிர்த்திசையில் போனால் உரிந்துவிடும். ரொம்ப அகலப்படுத்தினால் ரிங் பிதுங்கும் என்பதால் இரண்டு பக்கமும் கொஞ்சமாகத்தான் எடுத்தோம். கடைசியில் ரிங் சிக்காதபடி விளிம்பை மழுக்கினோம். நகத்தால் சுற்றிலும் தடவிப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

இழுவை கூடியதா என்றால், கூடியது. ஆனால் பாதிக் கோளாறு சைலன்ஸரில் அடைத்திருந்த கரி என்பது பிறகுதான் தெரிந்தது.