தோட்டத்து மருத்துவச்சிகள்



ஆண்டுதோறும் மே 5ஆம் நாள் அனைத்துலக மருத்துவச்சியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்னையர் நாளையும் ஆசிரியர் நாளையும் விழாவெடுத்துப் போற்றும் நாம், அதே மாதத்தில் வரும் இந்நாளை எண்ணிப் பார்ப்பதில்லை. 'மருத்துவச்சி' என்ற சொல்லே இன்றைய மாணவர் பலருக்குப் புதிது.

என் தாயார் ஈன்ற பிள்ளைகள் ஐவர். முதல் மூவரும் இரப்பர் தோட்டத்து லயன் வீட்டில், ஒரு மருத்துவச்சிப் பாட்டியின் கைகளில் பிறந்தவர்கள். நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் அவர் முகம் சுளிக்கமாட்டாராம். கொதிநீரில் இட்டெடுத்த பிளேடால்தான் தொப்புள்கொடியை அறுப்பார். நஞ்சுக்கொடி முழுமையாக வெளிவந்துவிட்டதா என விளக்கொளியில் பார்ப்பார். குழந்தையை நீராட்டுவதும் தாய்க்குப் பத்தியம் சொல்வதும் அவர் பொறுப்பே. கூலியோ ஒரு சேலையும் வெற்றிலை பாக்கும்தான்.

நான்காம் பேற்றின்போது குழந்தை குறுக்காகக் கிடந்தது. வயிற்றைத் தடவிப் பார்த்த பாட்டி, "இது என் கைக்கு அடங்காது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று கூறி, தோட்டத்து லாரியில் தாமும் உடன் ஏறிக்கொண்டாராம். தாயும் சேயும் பிழைத்தனர். அதற்குப் பின் பிறந்தவன் நான். தம் கைத்திறனின் எல்லையை அவர் அறிந்திருந்தாரே, அதுவே அவருடைய பெரிய மருத்துவம்!

1950ஆம் ஆண்டில் மலாயாவில் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். 2019இல் மலேசியாவில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 21. இம்மாற்றத்தில் மருத்துவச்சியர்க்குப் பெரும் பங்குண்டு. 1966ஆம் ஆண்டு மருத்துவச்சியர் சட்டம், பயிற்சி பெற்றோரை மட்டுமன்றிப் பாரம்பரிய மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய வழிவகுத்தது. அவர்களைப் பகைக்காமல், தூய்மையையும் ஆபத்தின் அறிகுறிகளையும் கற்பித்துக் கிராமத் தாதியரோடு இணைந்து செயல்பட வைத்தனர். இன்று தாய்சேய் நல மருந்தகங்களில் கர்ப்பிணியின் அட்டையில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு எனக் குறியிடுகின்றனர். யாரை எப்போது மருத்துவமனைக்கு அனுப்புவது என்பதே அக்குறிகளின் பொருள். அன்று பாட்டியின் விரல்கள் கூறியதும் அதுவே.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன; லயன் வீடுகள் பல மறைந்தன. நூற்றுக்கணக்கான உயிர்களை மண்ணில் இறக்கிய அப்பெண்களின் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை. உங்கள் இல்லத்து மூத்தோரிடம், "உங்களுக்குப் பேறு பார்த்தவர் யார்?" என்று இன்றே கேளுங்கள், கேட்டதை எழுதி வையுங்கள். நாளை கேட்பதற்கு அவர்களும் இல்லாமற் போகலாம்.