போலாரமும் ஒரு ரேடியேட்டர் மூடியும்

செகந்திராபாத்திலிருந்து மேட்சல் செல்லும் உள்ளூர் ரெயிலில் அமர்ந்தால் அம்முகுடா, கவல்ரி பாரக்ஸ், அல்வால், போலாரம் பஜார் என ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அவற்றைத் தாண்டியதும் போலாரம். 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இவ்வண்டிகள் ஓடத் தொடங்கியபின், நகருக்குள் வாழும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இவ்வூர் எட்டாத தொலைவன்று. முன்னர் பிரிட்டிஷ் ரெஸிடெண்டு தங்கிய மாளிகையே இன்றைய ராஷ்டிரபதி நிலையம். அதன் தோட்டங்களை இப்போது ஆண்டு முழுவதும் பொதுமக்கள் காணலாம். ஹோலி டிரினிடி தேவாலயமும் காணத்தக்கது. 1983-இல் எலிஸபெத் அரசியார் தம் மணநாளன்று இங்கு வந்து வழிபட்டார். குழந்தைகளுடன் வருவோர் கட்டுச்சோறு கொண்டுவருவது நலம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வேலைக்கான நேர்முகக் கடிதத்தைக் கையில் ஏந்தி நம் இளைஞர் அவ்வப்போது இந்த ஸ்டேஷனில் இறங்கித் திகைப்பதைப் பார்க்கிறேன். அவர்கள் தேடும் பொல்லாரம் தொழிற்பேட்டை இங்கில்லை; மேற்கே சங்காரெட்டி மாவட்டத்தில் இருக்கிறது. மருந்து ஆலைகள் மிகுந்த இடம் அது. இங்கே ராணுவக் குடியிருப்பும், மரநிழலும், நம்போன்ற சம்பளக்காரர்களுமே உண்டு.

நம்மவர் இங்கு வந்ததும் சம்பளத்துக்காகத்தான். சென்னைப் படைகளோடு வந்து கண்டோன்மெண்டில் தங்கியவர் சிலர். 1893-இல் எழுந்த லாலாகுடா ரெயில்வே பணிமனையைப் போன்ற இடங்களில் கைத்தொழில் செய்ய வந்தவர் சிலர். அந்நாளில் கூலியைத் தேடி மனிதன் போனான். இந்நாளில் மலிந்த கூலியைத் தேடி ஆலையே புறப்பட்டுப் போகிறது.

இதை நினைக்கும்படி நேர்ந்தது பக்கத்து வீட்டு அம்மாளால். அவர் மகன் ஐ.டி.ஐ. படித்து, ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரரின்கீழ் வேலை செய்கிறான். கார்களின் மின்கம்பிகளை அளந்து, சேர்த்து, நாடாச் சுற்றிக் கட்டும் பிரிவு. சென்ற ஆண்டு ஒரு மாதிரி காருக்கான கம்பிக் கட்டு முழுவதும் வேறு நாட்டுக்கு மாற்றப்பட்டதாம். உடன் வேலை செய்தவர் பலரை "நாளை முதல் வரவேண்டா" என்று அனுப்பிவிட்டார்களாம். "தம்பி, நீங்கள் சரக்குக் கணக்குப் பார்ப்பவர். இவன் வேலை நிலைக்குமா, சொல்லுங்கள். பெண் பார்க்கத் தொடங்கலாமா?" என்று கேட்டார் அம்மாள்.

சரக்குக் கணக்குப் பார்ப்பவனுக்கு ஒன்று தெரியும். காஞ்சிபுரம் பக்கத்து வாலாஜாபாத்திலிருந்து கார்கள் ரெயிலேறுகின்றன. ஓய்வுபெற்ற பயணிகள் பெட்டிகளின் சன்னல்களை அடைத்து அமைத்த வண்டிகளில் அவை செல்லும். ஒரு முழுக் கார் வண்டியில் அடைக்கும் இடம் பெரிது. இருக்கை, பம்பர் போன்றவையும் அவ்வாறே. ஆகவே அவற்றைக் கார் ஆலையின் அருகிலேயே செய்கிறார்கள். சிறியதும், விலைக்கேற்ற கனமில்லாததும் எங்கும் போகும். 1956-இல் அமெரிக்காவில் தொடங்கிய கண்டெய்னர் கப்பல் போக்குவரத்து அதற்கு வழி திறந்தது.

ரேடியேட்டர் மூடியையே எடுத்துக்கொள்வோம். உள்ளே அழுத்தத்தைத் தாங்கி, தண்ணீர் 100 டிகிரியிலும் கொதியாமல் காப்பது அதன் வேலை. உள்ளங்கையில் அடங்கும் பொருள். 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இதைச் செய்துவந்த ஜெனரல் மோட்டார்ஸின் இயந்திரங்களை, டி.வி.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த சுந்தரம் ஃபாஸனர்ஸ் வாங்கிச் சென்னைக்குக் கொண்டுவந்தது. அந்த அமெரிக்க நிறுவனத்துக்கே மூடிகளைச் செய்தனுப்பி, தரத்துக்கான பரிசுகளையும் பெற்றது. நாம் பெருமையுடன் படித்த செய்தி. அங்கே அந்த இயந்திரத்தின் முன் நின்றவர் வீட்டில் அன்று என்ன பேசினார்கள் என்று நாம் எண்ணவில்லை. 2004 வாக்கில் அதே சென்னை நிறுவனம் சீனாவிலும் ஓர் ஆலை நிறுவியது.

ஃபோர்டிலிருந்து 2000-இல் பிரிந்த விஸ்டியான் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை 2009 மார்ச் 31-இல் மூடப்பட்டது. என்ஃபீல்டு, பேசில்டன், பெல்ஃபாஸ்ட் ஆகிய மூன்று ஊர்களிலும் ஏறத்தாழ 600 பேர் வேலையிழந்தனர். பெல்ஃபாஸ்ட் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே வாரக்கணக்கில் தங்கிப் போராடினர். கூடுதல் இழப்பீடு வந்தது. ஓய்வூதிய வழக்குத் தீர 2014 வரை காத்திருந்தார்கள். பிறகு நம் பக்கமும் முறை வந்தது. 2021 செப்டம்பர் 9-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலைநகர் ஆலை 2022-இல் ஓய்ந்தது. இதற்குக் காரணம் மலிந்த கூலியன்று, இங்கு வியாபாரத்தில் கண்ட நஷ்டம் என்பதையும் சொல்லவேண்டும். 2025 அக்டோபரில் அங்கேயே எஞ்சின் செய்யத் தமிழக அரசுடன் ஒப்பந்தமாயிற்று; 3,250 கோடி ரூபாய் முதலீடு, 600-க்கு மேற்பட்ட வேலைகள் என்கிறார்கள். முன்னிருந்தவர்கள் அதற்குள் எங்கெங்கோ போய்விட்டார்கள்.

கம்பிக் கட்டுக்கு வருவோம். அதை முழுதும் செய்து முடிக்கும் இயந்திரம் இன்னும் இல்லை, விரல்களே வேண்டும். எனவே விரல் மலிவாய்க் கிடைக்கும் நாட்டுக்கு அது முதலில் போகிறது. மெக்ஸிகோ, மொராக்கோ, உக்ரைன் எல்லாம் அவ்வகையில் பெயர்பெற்றவை. 2022-இல் உக்ரைனில் போர் மூண்டபோது இக்கட்டுகள் வராமல் ஜெர்மனியின் பெரிய கார் ஆலைகளே நின்றன. அத்தனை அவசியமான வேலைக்கு அத்தனை குறைந்த கூலி!

அம்மாளிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பெண் பார்க்கலாம் என்றேன். பையனைத் தனியே அழைத்து, கம்பி கட்டும் மேசையை விட்டு அதே ஆலையின் டூல்ரூமுக்கு மாற்றம் கேட்கும்படி கூறினேன். அச்சுகளைச் செய்யவும் பழுது பார்க்கவும் தெரிந்தவனுக்கு வேறு ஆலைகளிலும் இடம் கிடைக்கும். முதலில் சம்பளம் குறையுமே என்று தயங்கினான். எழுதிக் கொடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லி, ஞாயிறு மாலை சார்மினார் எக்ஸ்பிரஸில் தாம்பரத்துக்கு ஏறினான். இன்னும் பதில் வரவில்லை.