மாலை ஏழு மணிக் கூட்டம்

சென்னையில் தேவாலயத்தை ஒட்டிய ஒரு தொடக்கப்பள்ளி. கரும்பலகையில் காலையில் எழுதிய ஏழாம் வாய்ப்பாடு அப்படியே இருக்கிறது. அதன் மேலேயே, குடியிலிருந்து மீள்வதற்கான 12 படிகளும் தமிழில் அச்சிட்ட துணிப் பதாகையை மாட்டுகிறார் ஒருவர். குட்டி பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போடுகிறார் இன்னொருவர். ஏ.ஏ. என்று எல்லோரும் சொல்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டம் இது. தங்கையின் கணவரோடு வந்திருக்கிறேன். இன்று ‘திறந்த கூட்டம்’ என்பதால் எனக்கும் இடம் உண்டு. ‘மூடிய கூட்டம்’ என்றால் குடியை விட நினைக்கிறவர்கள் மட்டும்தான் உட்காரலாம். யாரையாவது கூட்டிக்கொண்டு போகிறவர்கள் இதைப் போனிலேயே கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. இங்கே கேட்டது இங்கேயே இருக்க வேண்டும் என்பது இவர்களின் நெறி. அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் எதையும் சேர்க்கவில்லை.

மாப்பிள்ளை லோடு வேன் ஓட்டுகிறவர். மருத்துவமனையில் சேர்த்து, கை நடுக்கமெல்லாம் அடங்கிய பிறகே இங்கே வந்திருக்கிறோம். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். அதனால் முதலில் டாக்டர், பிறகு கூட்டம்.

இதற்கு முன் வேறொரு குழுவுக்குப் போயிருந்தோம். காலை நேரம், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். தங்கமான மனிதர்கள். ஆனால் கிளப்பிலும் விமானத்திலும் குடித்த கதைகளை அவர்கள் சொன்னபோது மாப்பிள்ளை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், “இது நமக்குச் சரிப்படாது மச்சான்” என்றார். சரிப்படாதது அந்த ஓர் அறைதான். ஆனால் எத்தனையோ பேர் ஏ.ஏ.யே தனக்குச் சரிப்படாது என்று முடிவுகட்டித் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். டாஸ்மாக் பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் மாப்பிள்ளையின் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்புவது மாலை ஏழு மணிக்கு. அதே ஏழு மணிக்கு, தமிழில், வேலை முடித்து வரும் வழியில் நடக்கிற கூட்டமாகத் தேடினோம்.

கூட்டம் தொடங்குகிறது. ஒருவர் தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி” என்கிறார். எல்லோரும் வணக்கம் சொல்கிறார்கள். தையல்காரர், ஓய்வுபெற்ற அதிகாரி, கொத்தனார். யாரும் யாருக்கும் புத்திமதி சொல்வதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. நாலாவதாகப் பேசியவர் ஆட்டோ ஓட்டுநர். “கடை திறக்கிறவரைக்கும் கை நடுங்கும். சட்டைப் பட்டனைப் போட முடியாது. என் பொண்ணுதான் போட்டுவிடும், அஞ்சாங்கிளாஸ் படிச்சுது அப்ப. ஒருநாள், ‘நாளைக்கும் நானேதான் போடணுமாப்பா?’ன்னு கேட்டுச்சு.” மாப்பிள்ளை நிமிர்ந்தார். அதற்குப் பிறகு அவர் பார்வை தரைக்குப் போகவில்லை.

இந்த முறையே இப்படித்தான் பிறந்தது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற பங்குத் தரகர், மறுபடி குடித்துவிடுவோமோ என்ற பயத்தில், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். ஏ.ஏ.யின் தொடக்கம் அவர்கள் இருவரின் பேச்சுதான். 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வும், குடிக்காமலே இருப்பதில் இந்த வழி மற்றச் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, பலசமயம் மேலானது என்றே சொல்கிறது.

மாப்பிள்ளைக்கு ஓர் உறுத்தல் இருந்தது. அவர் கருப்புச்சட்டைக் குடும்பம். பதாகையிலோ கடவுள் வருகிறார். தேநீர் நேரத்தில் அதைக் கேட்டேவிட்டார். “எனக்கும் சாமி கிடையாது தம்பி. என்னைவிடப் பெரிய சக்தின்னா எனக்கு இந்த ரூம்தான்” என்றார் தையல்காரர். 1939இல் வந்த ஏ.ஏ. புத்தகத்திலும் நம்பாதவர்களுக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது.

கட்டணம் கிடையாது. ஒரு துணிப்பை சுற்றி வந்தது. எங்களைப் போடவேண்டாம் என்றார்கள். உறுப்பினர் காசிலேயே நடத்துவது, வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது இவர்கள் கொள்கை. எங்காவது பெரிய தொகை கேட்டாலோ, மனநல மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ, அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பக்கத்து வகுப்பில் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டம். எங்களோடு வந்த தங்கை அங்கே இருந்தாள். கணவர் திருந்தினால் தனக்கு எல்லாம் சரியாகிவிடும் என்றே இருந்தவள், “எனக்கும் தனியா ஒண்ணு வேணும்ணே” என்றாள்.

கிளம்பும்போது ஆட்டோக்காரர் தன் நம்பரை மாப்பிள்ளையின் போனில் தானே ஏற்றினார். “குடிச்சப்புறம் கூப்பிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது. குடிக்கத் தோணும்போதே கூப்பிடு. ராத்திரி ரெண்டு மணின்னாலும் எடுப்பேன்.”

வாரத்தில் மூன்று நாள் இங்கே வருவது என்று முடிவு செய்தோம். மற்ற நாட்களுக்கு மாப்பிள்ளையின் லோடு இறங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு குழு இருக்கிறதாம். அதை நாளைக்குப் போய்ப் பார்க்கிறோம்.